பெயர் வசையாகும் வரலாறு

ஆரணி என்றவுடன் பட்டுச் சேலை நெய்யும் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியே பலருக்கும் நினைவில் வரும். நாம் இங்குக் குறிப்பிடுவது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குக் கிழக்கே, ஆரணியாற்றின் கரையில் அமைந்த மற்றோர் ஆரணியை. இவ்வூரிலிருந்து புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றில் பாடுபடுவோரில் கணிசமானோர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. ரமளான் மாதத்தில் ஆலை வேலை முடிந்து வந்து நம் பள்ளிவாசல்களில் நோன்பு திறப்பார்கள்.

அத்தகைய பள்ளிவாசல் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ரமளான் மாலையில், நோன்புக் கஞ்சிக் கணக்கேட்டைப் பார்க்க நேர்ந்தது. விடுமுறையில் ஊர் திரும்பியிருந்த நம் மாணவர் ஒருவர்தாம் அதை எழுதி வந்தார். உள்ளூர் ஜமாஅத்தாரின் பெயர்கள் வீட்டு வாரியாக வரிசையாய் இருந்தன. கடைசியில் ஒரே வரி: ‘வடக்கன் – 14.’

“தம்பி, இது என்ன?” என்று கேட்டோம்.

“வடக்கேயிருந்து வந்தவங்க ஹஜ்ரத். வடக்கன்னா வடக்கத்திக்காரன்னுதானே அர்த்தம்? இதிலே என்ன தப்பு இருக்கு?” என்றார்.

மாணவர் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அகராதிப்படி அவர் சொன்னதில் பிழையுமில்லை. ஆயினும் அந்தப் பதினால்வரில் எவரேனும் தமிழ் படிக்கக் கற்று அவ்வரியைக் கண்டால் மனம் வருந்துவார் என்பதில் நமக்கு ஐயமில்லை. அகராதியில் குற்றமற்ற ஒரு சொல் செவியில் எவ்வாறு குற்றமுடையதாகிறது? இனத்தையும் நாட்டையும் குறிக்க எழுந்த பெயர்கள் எவ்வாறு நாளடைவில் வசையாக மாறுகின்றன? மாணவருக்கு அன்று சுருக்கமாகவே விடை சொன்னோம். அதை விரிவாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

துலுக்கர் என்னும் சொல்

இவ்வினாவை நாம் நம்மிடமிருந்தே தொடங்குவது முறை. தமிழ் முஸ்லிம்களை அவமதிக்க விரும்புவோர் எடுத்தாளும் சொல் ‘துலுக்கன்’ என்பது. நம் பள்ளிப் பருவத்தில், விளையாட்டில் தோற்ற ஒரு சிறுவன் இச்சொல்லை நம்மீது வீசியபோது, அதன் பொருள் தெரியாமலேயே நாம் கூனிக் குறுகியது நினைவிருக்கிறது. அன்று மாலை வீட்டில் கேட்டதற்குப் பாட்டனார் சிரித்துக்கொண்டே, “அது பழைய பேருடா; எங்க காலத்திலே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார். பாட்டனாருக்கு வலிக்காத சொல் பேரனுக்கு ஏன் வலித்தது?

சொல்லின் வேர் எளியது. துருக்கியர் என்னும் இனப்பெயர் வடமொழியில் ‘துருஷ்க’ என்றாகித் தமிழில் துருக்கர், துலுக்கர் என வழங்கியது. 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பு நிகழ்ந்தது. பின்னர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது. அதன்பின் எழுந்த தமிழ்க் கல்வெட்டுகளில் இப்பெயர் பல இடங்களில் வருகிறது. விஜயநகர வேந்தர்கள் தம் விருதுப் பெயர்களில் துலுக்கர் படையை வென்றவர் என்று தம்மைக் கூறிக்கொண்டனர். அங்கெல்லாம் இது ஓர் அரசியல் எதிரியின் பெயர், இகழ்ச்சிப் பெயரன்று. வெல்லத் தகுந்த பகைவன் என்னும் மதிப்புக்கூட அதில் உண்டு.

தமிழ் முஸ்லிம்களோ துருக்கியரல்லர். இக்கடற்கரையில் அரபு வணிகரின் தொடர்பாலும் உள்நாட்டு மக்களின் மதமாற்றத்தாலும் உருவான சமூகம் இது. துருக்கிய அரசுகள் தெற்கே வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்களுக்கு இங்குச் சோனகர் என்னும் பெயர் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டு ஒன்றில் ‘சோனகன் சாவூர்’ என ஒருவர் குறிக்கப்படுகிறார். ‘அன்’ விகுதி அங்கும் இருக்கிறது, இழிவு இல்லை. எனவே விகுதியின் மீதும் பழியைப் போட இயலாது. அந்நியப் படையின் இனப்பெயர் ஒன்று, அப்படையோடு தொடர்பற்ற உள்நாட்டு மக்கள்மீது போர்த்தப்பட்டது என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது.

அப்போதும்கூட அச்சொல் வசையாகிவிடவில்லை. திருவரங்கம் பெரிய கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு. அரங்கன்மீது காதல் கொண்ட சுல்தானின் மகள் என்பது அங்கு வழங்கும் வரலாறு. சென்னையிலும் நம் வடமாவட்டச் சிற்றூர்களிலும் துலுக்காணத்தம்மன் கோயில்கள் உள்ளன. துலுக்காணம் என்று பெயர் தாங்கிய இந்துப் பெரியவர்களை நாம் அறிவோம். தோட்டத்துச் செண்டுப் பூவுக்குத் துலுக்கச் சாமந்தி என்று பெயர். கோயிலிலும் தோட்டத்திலும் மணக்கும் சொல் தெருவில் மட்டும் நாறுகிறதென்றால் நாற்றம் சொல்லினுடையதன்று.

பாட்டனாரின் காலத்தில் இச்சொல்லைச் சொன்னவரும் கேட்டவரும் ஒரே தறிக்கூடத்தில், ஒரே சந்தையில், கொடுக்கல் வாங்கலோடு வாழ்ந்தனர். பெயர் உறவுக்குள் அடங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் மக்கள் மதவாரியாக எண்ணப்பட்டு, மதவாரியாகத் தொகுதி பிரிக்கப்பட்டு, நாடும் 1947இல் பிரிக்கப்பட்டபின், ‘நீ எங்கிருந்தோ வந்தவன்’ என்று சொல்ல விரும்பியோருக்கு அப்பழம்பெயர் வாய்ப்பாகக் கிடைத்தது. துருக்கிய இனத்தைச் சுட்டிய சொல், பிறந்த மண்ணிலேயே ஒருவனை அந்நியனாக்கும் கருவியாயிற்று. ஒலியும் எழுத்தும் மாறவில்லை. சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையிலிருந்த நிலைதான் மாறியது.

பழவேற்காட்டிலிருந்து மலாக்காவுக்கு

இதே மாற்றத்தை இன்னும் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று நம் ஆரணியாற்றின் முகத்துவாரத்திலேயே தொடங்குகிறது. நம் ஊரைக் கடந்து செல்லும் ஆறு பழவேற்காட்டுப் பகுதியில் கடலை அடைகிறது. டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்புமுன்பே பழவேற்காடு புகழ்பெற்ற துறைமுகம். இப்பகுதியில் நெய்த துணி இந்து, முஸ்லிம் வணிகரின் கப்பல்களில் ஏறி மலாக்காவுக்குச் சென்றது. அத்துணியின் நினைவு மலாய் மொழியில் இன்றும் அழியவில்லை. மலாய் முஸ்லிம்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் உடுத்தும் கட்டம்போட்ட கைலியை அவர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்பர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் திரிபே.

அதே கப்பல்களில் சென்ற வணிகருக்கு மலாய் மொழி இட்ட பெயர் ‘கெலிங்’. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து இது பிறந்தது. கலிங்கமாவது இன்றைய ஒடிசாவும் வட ஆந்திரக் கடற்கரையும் சேர்ந்த நிலம். கீழைக் கடல் நாடுகளோடு மிகப் பழங்காலத்தில் வணிகம் செய்தவர் அவர்கள். ஆகவே வங்கக் கடலைக் கடந்து வந்த எல்லா இந்தியருக்கும் அவர்கள் பெயரே நின்றது. பதினோராம் நூற்றாண்டின் சாவகக் கல்வெட்டுகளில் அயல்நாட்டு வணிகர் பட்டியலில் கிளிங் என்னும் பெயர் இடம்பெறுகிறது. பிற்காலத்தில் அது பெரும்பாலும் தமிழரையும் தெலுங்கரையும், அவர்களுள்ளும் வணிக முஸ்லிம்களையும் சுட்டலாயிற்று.

அக்காலத்தில் அது மதிப்புமிக்க பெயர். மலாய் அரச வரலாறான ‘செஜாரா மெலாயு’, கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் மகள் மலாக்கா சுல்தானை மணந்ததையும், அவர் வழிவந்தோர் முதலமைச்சர்களாக விளங்கியதையும் பெருமையோடு பதிவு செய்கிறது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரான டோமே பிரெஸ், அந்நகரின் பெருவணிகருள் கெலிங்குகளை முதன்மையாக வைக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நவீன மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ், தம் வாழ்க்கை வரலாற்றில், மலாக்காவின் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகக் கெலிங் மொழி கற்பது வழக்கமென்றும், தம் தந்தை தம்மையும் அதைக் கற்க அனுப்பினார் என்றும் எழுதுகிறார். கெலிங் மொழி என்று அவர் குறித்தது தமிழையே. பினாங்கில் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் 1801இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் ‘கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்’ என்றே அழைக்கப்படுகிறது. கப்பித்தான் என்பது சமூகத் தலைவருக்கு ஆங்கிலேய ஆட்சி அளித்த பட்டம்.

பிறகு என்ன நடந்தது? கப்பல்களில் வணிகருக்குப் பதிலாக வேறு மனிதர்கள் ஏற்றப்பட்டனர். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் தண்டனைக் குடியிருப்பாக இருந்தது. காலில் விலங்கோடு அவர்கள் சாலை அமைத்தனர், கட்டடம் எழுப்பினர். தொடர்ந்து கரும்புத் தோட்டங்களுக்கும் இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளும், கங்காணிகள் திரட்டிய ஏழைத் தமிழரும் வந்து சேர்ந்தனர். ஒப்பந்தமுறை 1910இலும் கங்காணிமுறை 1938இலும் முடிவுக்கு வருமுன் கெலிங் என்னும் சொல்லுக்கு மலாயாவில் புதிய முகம் ஏற்பட்டுவிட்டது. கைதிகளின் கால்விலங்கு எழுப்பிய ‘கிளிங்’ என்னும் ஓசையிலிருந்தே அப்பெயர் பிறந்ததென்று மக்கள் கதை கட்டினர். சொல்லாராய்ச்சியில் அது பொய். ஆனால் அப்பொய்யே ஒரு சான்று. பேரரசின் பெயரிலிருந்து வந்த சொல்லை விலங்கின் ஓசையாகக் கேட்கும் அளவுக்கு மக்களின் நிலை தாழ்ந்துவிட்டது.

சிங்கப்பூரில் கிளிங் தெரு என்றிருந்த தெருவுக்கு, இந்தியரின் மனக்குறையை ஏற்று, 1920களின் தொடக்கத்தில் சூலியா தெரு என்று பெயர் மாற்றப்பட்டது. சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகருக்கு வழங்கிய பெயர். மலேசியாவில் 2003ஆம் ஆண்டு, அந்நாட்டின் அதிகாரபூர்வ மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா வெளியிட்ட அகராதியில் கெலிங் என்னும் சொல்லும் அதையொட்டிய இழிவான தொடர்களும் இடம்பெற்றதை எதிர்த்து இந்திய அமைப்புகள் ஆர்ப்பாட்டம் நடத்தி வழக்கும் தொடுத்தன. ‘வரலாற்றில் இது நல்ல சொல்தானே’ என்று மறுதரப்பில் வாதிட இடமுண்டு. அவ்வாதம் வரலாற்றளவில் சரி. ஆனால் தோட்டத்து லயத்தில் பிறந்து பள்ளிக்கூடத்தில் அச்சொல்லால் துரத்தப்பட்ட சிறுவனுக்குச் செஜாரா மெலாயு மருந்தாகாது.

பழவேற்காட்டுத் துணியின் பெயரும் அதே கடலைத்தான் கடந்தது. துணியை எவரும் கைதியாக்கவில்லை. ஆகவே அதன் பெயர் இன்றும் தூய்மையாக நிற்கிறது. துணியைக் கொண்டுசென்ற மனிதனின் பெயர்தான் கறைபட்டது.

அரபுச் சொல் ஒன்றின் பயணம்

இதுவரை பிறர் நமக்கிழைத்ததைப் பேசினோம். அரபு மொழி பயிற்றுவிக்கும் நாம், அம்மொழியிலிருந்து புறப்பட்ட ஒரு சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

‘கஃபர’ என்னும் வினைக்கு மூடினான், மறைத்தான் என்பது அடிப்படைப் பொருள். விதையை மண்ணால் மூடும் உழவனையும் அரபு மொழி இவ்வேரால் குறிக்கும். திருக்குர்ஆன் 57:20இல் வரும் ‘குஃப்பார்’ என்பதற்கு உழவர் என்றே விரிவுரையாளர் பலர் பொருள் கொள்வர். சத்தியத்தை மறைப்பவன், நன்றி மறப்பவன் என்னும் கோட்பாட்டுப் பொருள் அதன்மேல் அமைந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் வணிகம் செய்த அரபியரும் சுவாஹிலியரும், உள்நாட்டில் வாழ்ந்த முஸ்லிமல்லாத கறுப்பின மக்களைக் ‘காஃபிர்’ என்றனர். 1498க்குப்பின் அங்கு வந்த போர்த்துகீசியர் இதைக் ‘காஃப்ரே’ என்று எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பெற்றனர். சமயப் பெயராகப் புறப்பட்ட சொல் இவ்வாறு கைமாறி இனப்பெயராயிற்று. ஆங்கிலேய ஆட்சியில் அது தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதிக்கே அதிகாரபூர்வப் பெயராக இருந்தது. நிறவெறி ஆட்சிக்காலத்தில் அதைவிடக் கொடிய வசை அங்கு வேறில்லை. இன்று அந்நாட்டில் ஒருவரை அவ்வாறு அழைப்பது தண்டனைக்குரிய குற்றம். 2018இல் அதற்காக ஒருவருக்குச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது.

அதே சொல் போர்த்துகீசியரின் கப்பலில் இலங்கைக்கும் வந்தது. அங்குப் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினர் காப்பிரியர் எனப்படுவர். அவர்களே அப்பெயரைக் கூச்சமின்றிச் சொல்லிக்கொள்கின்றனர். ‘மாஞ்சா’ என்னும் தம் முன்னோர் பாடலைப் பாடிக் காட்டுகின்றனர். ஒரே வேர், ஒரே இன மக்கள். தென்னாப்பிரிக்காவில் சிறைக்கு அனுப்பும் சொல் புத்தளத்தில் குடும்பப் பெயராக நிற்கிறது. நிலமும் காணியும் பறித்து, நடமாடச் சீட்டுக் கேட்ட அதிகாரம் அச்சொல்லோடு புத்தளத்தில் கைகோக்கவில்லை என்பதே வேறுபாடு.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர் நடந்துகொண்ட விதமும் படிப்பினைக்குரியது. 1860இல் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பலோடு நேட்டாலில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வரலாறு தொடங்கியது. தமிழின் ‘கூலி’ என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பெயரே அங்கு இந்தியர் அனைவருக்கும் பட்டமாயிற்று. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். தமிழரின் பெயரில் வரும் ‘சாமி’ என்பதும் ஏளனப் பெயரானதை அவர் தம் வரலாற்றில் கூறுகிறார். தலைவன் என்னும் பொருளுடைய சொல்லால் வேலைக்காரனை இகழ்ந்தனர்! அங்கிருந்த இந்திய முஸ்லிம் வணிகர்களோ இவ்விழிவிலிருந்து தப்பத் தம்மை ‘அரபியர்’ என்று சொல்லிக்கொண்டனர். பார்சிகள் ‘பாரசீகர்’ என்றனர். இகழ்ச்சிச் சொல்லை ஒழிக்க முயலாமல், அது தம்மீது படாமல் ஒதுங்கினால் போதுமென்று எண்ணினர். வெள்ளையரின் சட்டம் அவ்வேறுபாட்டை நெடுநாள் மதிக்கவில்லை. பிறர்மீது விழும் வசையைக் கண்டு ‘அது நம்மையன்று’ என ஒதுங்குவோருக்கு இது எச்சரிக்கை.

நம் காலத்தில் இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. இந்தோனேசியாவின் மிகப்பெரிய உலமாக்கள் அமைப்பான நஹ்தளத்துல் உலமா, 2019இல் நடத்திய தன் மாநாட்டில், நாட்டின் முஸ்லிமல்லாத குடிமக்களைக் காஃபிர் என்றழைக்க வேண்டாம். சக குடிமகன் என்னும் பொருளில் ‘முவாதின்’ எனலாம் என்று அறிவித்தது. அகீதாவின் கலைச்சொல்லை அவர்கள் நீக்கிவிடவில்லை. பாடநூலின் கலைச்சொல் வேறு, தெருவில் அண்டைவீட்டாரை விளிக்கும் சொல் வேறு என்று பிரித்துக் காட்டினர். நம் மாணவர்கள் சிலர் பேச்சுவாக்கில் அச்சொல்லை எளிதாக உதிர்ப்பதைக் கேட்டிருக்கிறோம். துலுக்கன் என்னும் சொல்லுக்கு வருந்தும் உரிமை நமக்கு வேண்டுமானால் இந்த ஒழுக்கமும் நமக்கு வேண்டும்.

பிறர் இட்ட பெயர்

நல்லெண்ணத்தோடு புதுப்பெயர் இட்டால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். அதுவும் போதாது. சென்னை மாகாணத்தில் பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அச்சமூகத்தின் தலைவரான எம். சி. ராஜா சட்டமன்றத்தில் கோரினார். 1922இல் அரசு அதை ஏற்றது. கேட்டவர்கள் அம்மக்களே, ஆதலின் பெயர் நிலைத்தது. காந்தியடிகள் 1930களில் பரப்பிய ‘ஹரிஜன்’ என்பதோ அன்போடு இடப்பட்ட பெயர். ஆயினும் 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அப்பெயரைச் சட்டத்தில் புகுத்தியபோது டாக்டர் அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தனர். எங்களுக்கு என்ன பெயர் என்பதை எங்களிடமல்லவா கேட்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள். இன்று நீதிமன்றங்களே அச்சொல்லை இழிவெனக் கருதுகின்றன. பழைய நிலை மாறாதவரை, புதுச்சொல்லும் சில காலத்தில் பழைய சொல்லின் கறையை ஏற்றுக்கொள்ளும்.

தமிழர்களாகிய நமக்கு மாநில எல்லை தாண்டினாலே இது விளங்கிவிடும். பாண்டியப் பேரரசின் பெயரை வைத்தே கேரளத்தில் சிலர் நம் தொழிலாளரைப் ‘பாண்டி’ என்று இகழ்வதுண்டு. வடக்கே ‘மதராசி’ என்பது மாகாணப் பெயரைத் தவிர வேறில்லை. ஆயினும் அது சொல்லப்படும் தொனியை வடநாட்டில் வேலை பார்த்த தமிழர் மறக்கமாட்டார். ‘பாண்டி’ என்பது பாண்டி நாட்டான் என்றுதானே பொருள் என ஒரு மலையாளி நமக்கு விளக்கினால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

திருக்குர்ஆன் காட்டும் நெறி

இவ்விடத்தில் திருக்குர்ஆன் ஒரு சொல்லைப் பற்றித் தந்த அறிவுரை நம் சிந்தனைக்குரியது. நபித்தோழர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பேசும்போது ‘ராஇனா’ என்பர். எங்களைக் கவனியுங்கள் என்பது பொருள். குற்றமற்ற சொல். மதீனாவில் சிலர் நாவைச் சுழித்து அதையே ஏளனமாக ஒலித்தனர். அப்போது இறங்கிய வசனம் (2:104), அச்சொல்லை விட்டு ‘உன்ளுர்னா’ என்று சொல்லுமாறு இறைநம்பிக்கையாளரையே பணித்தது. அவர்களின் எண்ணம் தூயது, சொல்லின் வேரும் தூயது. அவ்விரண்டையும் காரணமாகக் காட்டி அச்சொல்லைத் தொடர இறைவன் அனுமதிக்கவில்லை. ஒரு சொல் புண்படுத்தும் கருவியாகிவிட்டால் அதைக் கைவிடலாம், பொருளை வேறு சொல்லால் சொல்லலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கும் 49:11ஆம் வசனம் இறங்கிய பின்னணியும் இதற்கு இயைந்தது. பனூ ஸலமா குலத்தாருள் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபி (ஸல்) அவர்கள் ஒருவரை ஒரு பெயரால் அழைத்தபோது, இப்பெயரை அவர் வெறுக்கிறார் என்று அருகிலிருந்தோர் தெரிவித்தனர். அப்போதே இவ்வசனம் இறங்கியதென அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்கள் கூறுகின்றன. அளவுகோல் என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரின் இலக்கணமன்று, பெயர் தாங்குபவரின் வெறுப்பே அளவுகோல்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவர் தாயைச் சொல்லி இகழ்ந்தபோது, உம்மிடம் அறியாமைக் காலத்தின் குணம் எஞ்சியிருக்கிறது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதை புகாரீ பதிவு செய்கிறது. அங்கே அவர் பெயர் சொல்லப்படவில்லை. அவர் பிலால் (ரலி) என்றும், இகழ்ந்த சொல் தாயின் கறுப்பு நிறத்தைப் பற்றியது என்றும் வேறு அறிவிப்புகள் கூறும். அபூதர் தொடக்கக்கால முஸ்லிம்களில் ஒருவர், உலகப் பற்றற்றவர். அவரிடமும் ஒரு சொல்லில் ஜாஹிலிய்யா எஞ்சியிருக்கக்கூடுமெனில், நம் கணக்கேடுகளில் எஞ்சியிராதா?

மீண்டும் கஞ்சிக் கணக்கேடு

‘வடக்கன்’ என்னும் சொல் நம் கண்ணெதிரேயே இப்பாதையில் சென்றுகொண்டிருக்கிறது. திசைப்பெயராகப் பிறந்து, ஆலைக் கூலியின் பெயராகி, இப்போது திருட்டு முதல் அழுக்கு வரை எல்லாவற்றுக்கும் முன்னொட்டாகப் பேச்சில் வழங்குகிறது. அப்பெயரில் எடுக்கப்பட்ட தமிழ்த் திரைப்படம் ஒன்று, தணிக்கை வாரியம் ஆட்சேபித்ததால் ‘ரயில்’ எனப் பெயர் மாற்றி 2024இல் வெளியானது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை பொய்யென அரசு நிறுவியபோதும், எத்தனையோ தொழிலாளர் அஞ்சினர். தாம் எப்பெயரால் அழைக்கப்படுகிறோம் என்பதை நாள்தோறும் கேட்பவர்களிடம் அத்தகைய வதந்தி எளிதில் பற்றிக்கொள்ளும்.

அன்று மாணவரிடம் நாம் நீண்ட விளக்கம் சொல்லவில்லை. “தம்பி, நம்மளை ஒருத்தன் துலுக்கன்னு எழுதிட்டு, துருக்கிக்காரன்னுதானே அர்த்தம்னு சொன்னா ஒத்துக்குவியா?” என்று மட்டும் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. ஏட்டை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குச் சென்று, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதத் தொடங்கினார். பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது. கஞ்சி பரிமாறுவதும் சற்றுத் தாமதமாயிற்று. ஒன்றிரண்டு பெயர்களைத் தமிழில் எழுதத் தெரியாமல் அடித்துத் திருத்தியிருந்தார்.

அப்பதினால்வரில் மூவர் ஒடிசாவின் பத்ரக் மாவட்டத்தார். அஃதாவது, கலிங்கத்தார். ஒரு காலத்தில் அவர்களின் நாட்டுப் பெயரைச் சுமந்து நம் முன்னோர் மலாக்கா சென்றனர். அப்பெயரே பின்னாளில் நம் பிள்ளைகளுக்கு வசையாயிற்று. இன்று கலிங்கத்து மக்கள் நம் ஊருக்கு உழைக்க வந்திருக்கின்றனர். அவர்களை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்பதை அவர்களின் பிள்ளைகள் ஒரு நாள் எழுதுவார்கள். கெலிங் என்னும் சொல்லைப் பற்றி நாம் இன்று எழுதுவதுபோல் அவர்கள் எழுத நேராதிருக்க வேண்டுமானால் பெயரைக் கேட்டு எழுதும் சிறு சிரமத்தை நாம் ஏற்கத்தான் வேண்டும்.